மாடி அறையும் கம்பேரேட்டரும்

சனோபரின் சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சீசன் நேரத்தில் நல்ல ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் எந்த புரோக்கர் வாட்ஸப்பில் எதை அனுப்பினாலும் சனோபர் உட்கார்ந்து பார்த்தாள். அப்படி வந்த ஒரு போட்டோவைத் தென்காசியில் அம்மா வீட்டில் இருந்த தன் சிநேகிதி ஜெயசித்ராவுக்குத் தள்ளிவிட்டாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“ஏட்டி, இந்தக் கட்டிலக் கொஞ்சம் பாரேன். ஒன் கல்யாணக் கட்டில் மாதிரியே இருக்குல்லா?”

மாதிரி என்ன மாதிரி! அதே கட்டில்தான். தலைமாட்டுப் பலகையில் இரண்டு மயில். அதில் வலது பக்கத்து மயிலுக்குக் கொண்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று அப்பா ஆசாரியிடம் மல்லுக்கு நின்றது வரை ஜெயசித்ராவுக்கு நினைவிருந்தது. பக்கத்தில் அவளுடைய பீரோ. பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் அவள் ஒட்டிவைத்துவிட்டு வந்த ஸ்டிக்கர் பொட்டுகூட அப்படியே இருந்தது. அதைக்கூட உரித்துப் போடாமல் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள், பாவிகள்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: “ஐந்தருவி ரோடு. மாடி ரூம். ஃபேமிலி மட்டும். கட்டில், பீரோ, டிவி, வெந்நீர் உண்டு.”

டிவியா? அந்த மேஜையில் டிவி ஏது? அங்கே இருந்தது அவளுடைய கம்ப்யூட்டர். முதல் சம்பளத்திலிருந்து பாகம் பாகமாக வாங்கி, தன் கையாலேயே ஸ்க்ரூ முடுக்கிச் சேர்த்தது. படத்தில் அது இருந்த இடத்தில் ஒரு பழைய டிவி உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஜெயசித்ராவுக்குக் காது மடல் வரை கொதித்தது. வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் ஊர் வழக்கப்படி அப்பாவும் அம்மாவும் சீரோடு போய் அவளைத் தென்காசிக்கு அழைத்து வந்தார்கள். புதுப்பெண் ஆடி மாதம் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாதாம். சரி என்று வந்தாள். அவள் இந்தப் பக்கம் வந்ததுமே அங்கே அறையைத் துடைத்து, அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டாள் மாமியார் லோகநாயகி. அவள் கட்டிலில் எவன் எவனோ எண்ணெய்த் தலையோடு புரண்டுகொண்டிருக்கிறான்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினாள். அம்மா பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

“ஆடி முடியட்டும்ட்டி. பைய பேசிக்கிடலாம்.”

“எதைப் பைய பேச? நிச்சயத்தன்னிக்கு அத்தன பேர் முன்னாடி நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். மாடி ரூம் எங்களுக்கு, நான் அங்கனதான் ஒக்காந்து வேலை பாப்பேன்னு. சரின்னு தலைய ஆட்டுனது யாரு? நானா?”

அம்மா அடுப்படிக்குத் திரும்பினாள். ஜெயசித்ரா புருஷனுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

குற்றாலீஸ்வரன் செங்கோட்டையில் ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் எங்கே இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். போனில் மைன்கிராஃப்டைத் திறந்தாள். கட்டைகளை வெட்டி எடுத்து அடுக்கி வீடும் ஊரும் கட்டும் அந்த விளையாட்டுதான் அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது என்றே சொல்லலாம். பெண் பார்க்க வந்த அன்று என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தவன், அவள் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்ததும்தான் வாயைத் திறந்தான். இரண்டு பேருக்கும் மட்டுமான ஓர் உலகத்தை அதில் வைத்திருந்தார்கள். ஆடியில் நேரில் பார்க்க முடியாதவர்கள் அங்கே தினமும் பார்த்துக்கொண்டார்கள்.

அங்கே அவர்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று அவளுடையது, ஒன்று அவனுடையது. வாரக்கணக்கில் சுரங்கம் தோண்டி எடுத்த வெள்ளைக் கல்லை இரண்டிலும் விளிம்பு வரை நிரப்பியிருந்தார்கள். அவற்றுக்குக் காவல் ஒரு கம்பேரேட்டர்.

கம்பேரேட்டர் என்பது அந்த விளையாட்டில் தரையில் பதிக்கிற ஒரு சின்னப் பலகை. பெட்டிக்கு ஒட்டி வைத்தால், பெட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு பலமான சிக்னல் அதற்குள் வரும். பக்கவாட்டிலிருந்து இன்னொரு சிக்னலும் வாங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பின்னால் வருவது பக்கவாட்டில் வருவதைவிடக் குறையாமல் இருந்தால் முன்னால் போகவிடும், குறைந்தால் மறித்துவிடும். ஜெயசித்ரா தன் பெட்டியைப் பின்னாலும் அவன் பெட்டியைப் பக்கவாட்டிலும் இணைத்திருந்தாள். மறித்துவிட்டால் சுவரில் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி அமைத்திருந்தாள். அவள் பெட்டியில் யாராவது கை வைத்தால் அவனுடையதைவிடக் குறைந்துபோகும், உடனே விளக்கு எரியும்.

“என் பெட்டி ஒங்க பெட்டியவிட ஒரு கல்லு கொறையப்பிடாது” என்று அன்று சொன்னாள். அவன் சிரித்தான்.

இப்போது உள்ளே போய்ப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எதற்கோ பெட்டியைத் திறந்தாள். பாதிக்குமேல் காலி.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அவன் பெட்டியைத் திறந்தாள். அதுவும் அதே அளவு காலி. வெளியே வந்து தேடிக்கொண்டு போனாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மலைக்குப் பின்னால், அவள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒரு வெள்ளைப் பங்களா எழும்பியிருந்தது. அதன் மொட்டை மாடியில் நின்று குற்றாலீஸ்வரனின் பொம்மை சாவகாசமாகக் கல் வைத்துக்கொண்டிருந்தது.

போனை எடுக்க நேரமில்லாத ஆள்!

மரக்கத்தியை உருவிக்கொண்டு மாடியேறிப் போய் அவன் முதுகில் ஒரு போடு போட்டாள். இன்னொன்று. மூன்றாவது அடியில் பொம்மை கீழே விழுந்தது. உடனே நிஜப் போன் அடித்தது.

“ஏட்டி, எதுக்கு அடிக்க? சர்ப்ரைஸைக் கெடுத்திட்டியே. ஒனக்குத்தான் கட்டுதேன். மூணு மாடி. அருவியப் பாத்த ஜன்னல்.”

“என் பெட்டில இருந்து எடுத்து எனக்கே வீடு கட்டுதிய. நல்லாருக்கே! லைட் ஏன் எரியல?”

“ஒன் பெட்டில எவ்வளவு எடுத்தனோ, அதே அளவு என் பெட்டிலயும் எடுத்தேன். ரெண்டும் சமமா இருந்தா எரியாதுல்லா. ஒன்ன ஏமாத்தலையே சித்ரா, எனக்கும்தான கொறஞ்சிருக்கு.” அவன் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. கம்பேரேட்டரை இப்போதுதான் கற்றுக்கொண்டவன், தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்காட்டினான்.

“சரி. மாடி ரூம வாடகைக்கு விட்டிருக்காவளே, அதுவும் சர்ப்ரைஸா?”

கடையில் யாரோ டைல்ஸை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ஊரு பூரா போட்டோ சுத்துது. என் பொட்டு ஒட்டுன கண்ணாடியோட.”

“சித்ரா, அம்மையப் பத்தித்தான் ஒனக்குத் தெரியுமே. சும்மா பூட்டிக் கெடக்கேன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? நானும் ஹால்லதான் பாயப் போட்டுப் படுக்கேன். ஒனக்கு மட்டுமா ரூம் போச்சு? எனக்கும்தான போச்சு. அதான் இங்கனயாவது ஒரு நல்ல வீடு கட்டிக் குடுப்போம்னு…”

அட, கோட்டிக்காரா! வாயில் வந்ததையெல்லாம் ஜெயசித்ரா விழுங்கினாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் துணிச்சலில்லாமல் போனுக்குள் பங்களா கட்டிக்கொண்டிருந்தவனை என்ன செய்வது? அதையும் அவள் பெட்டியில் திருடிக் கட்டியவனை? தானும் கொஞ்சம் இழந்துவிட்டால் போதும், கணக்கு நேராகிவிட்டது, இனி யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இதுதான் அவன் நியாயம்.

போனை வைத்துவிட்டாள். ஆத்திரத்திலும் யோசனை ஓடியது. தப்பு அவனுடையது மட்டும் இல்லை, தான் அந்த விளக்கை அமைத்ததிலேயே ஒரு தப்பு இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. என் பெட்டி நிறைந்திருக்கிறதா என்று அது பார்க்கவே இல்லை. அவனுடையதைவிடக் குறைந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் கெட்டுப்போனால் அது வாயை மூடிக்கொண்டிருக்கும்.

மறுபடி உள்ளே போனாள். பக்கவாட்டிலிருந்து அவன் பெட்டியின் இணைப்பை வெட்டினாள். அந்த இடத்தில் ஒரு ரெட்ஸ்டோன் கட்டியை வைத்தாள். அந்தச் சிவப்புக் கட்டி எப்போதும் முழுப் பலத்தோடு சிக்னல் கொடுக்கும். ஏறாது, இறங்காது. யார் பெட்டி எப்படிப் போனாலும் அதற்குக் கவலை இல்லை. வைத்த மறு நொடியே சுவரில் விளக்கு குப்பென்று எரிந்தது. இனி அவள் பெட்டி ஒரு கல் பாக்கியில்லாமல் நிறைகிற வரைக்கும் அது அணையாது.

பிறகு வாட்ஸப் படத்தில் இருந்த நம்பருக்குப் போட்டாள்.

“ஆமா தாயி, உச்சிமாகாளிதான் பேசுதேன்” என்றார் புரோக்கர். “மாடி ரூமா? இப்ப காலியாத்தான் கெடக்கு. மெயினருவில ஆர்ச்சத் தாண்டித் தண்ணி கொட்டுது, குளிக்கத் தடை போட்டுட்டாங்க. மதுரைப் பார்ட்டி காலைலயே மூட்டையக் கட்டிட்டு. நீங்க எத்தன பேரு?”

“ரெண்டு லேடீஸ், அண்ணாச்சி. ஆடி முடிஞ்ச பொறவும் ரூம் கெடைக்குமா?”

“தாராளமா. வீட்டுக்காரம்மா வருசம் பூரா விடச் சொல்லிட்டாங்க. கார்த்திகை மார்கழிக்கு மட்டும் கேக்காதீங்க. ஐயப்பன் சீசன், சாமிமாருக்கு இப்பவே பேசி முடிச்சாச்சு.”

வருஷம் பூரா. அப்படியென்றால் ஆடிக்காக மட்டும் இல்லை. ஆடி முடிந்து அவள் துணிப்பெட்டியோடு போய் இறங்கினால், அவளுக்கும் ஹாலில் ஒரு பாய். சாமிமார் மாடியில் சரணம் சொல்ல, அவள் மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஆபீஸ் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மீட்டிங்கில் பேச வேண்டும். இன்றைக்கு விட்டால் அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு கதவு என்றைக்குமே இருக்காது.

“ரூம் எனக்கு வேணும் அண்ணாச்சி. அட்வான்ஸ் இப்பவே அனுப்புதேன். சாயந்தரம் வாரோம்” என்றாள்.

சனோபருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவள் “அல்லா!” என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, “நானும் வாரேன், ஆட்டோவோட வாரேன்” என்றாள். வாசலில் அம்மா மறித்தாள்.

“ஆடியில அங்க வாசப்படி மிதிக்கப்பிடாதுட்டி! ஊரு என்ன சொல்லும்?”

“மருமவளாத்தான மிதிக்கப்பிடாது? நான் குளிக்கப் போறேன்மா” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஐந்தருவி ரோட்டில் சாரல் ஊசியாய்க் குத்தியது. குளிக்க முடியாதவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மங்குஸ்தான் பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ வீட்டு முன்னால் நின்றது. ரூமுக்கு ஆள் வந்துவிட்டது என்று லோகநாயகி முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டைத் திறந்தாள்.

“வாங்க, வாங்க…” என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். “ஏட்டி, நீயா! ஆடியில எதுக்கு வந்த?”

“ரூம் புக் பண்ணியிருக்கேன் அத்த. உச்சிமாகாளி அண்ணாச்சி சொல்லலையா? ரெண்டு லேடீஸ்.”

வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் சுடலையாண்டி ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பட்டாளத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவர். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் பதுங்கிக்கொண்டார்.

“வெளையாட்டா?” லோகநாயகிக்குக் குரல் ஏறியது. “ஊரு சிரிக்கணும்னே வந்தியா? சீசன்ல இந்த ரோட்டுல எவன் வீட்லதான் ரூம் விடல? நாங்க மட்டும் என்ன சொகமாவா இருக்கோம்? நானும் ஹால்லதான் படுக்கேன், எம் புள்ளையும் தரையிலதான் படுக்கான். ஒனக்கு மட்டும் தனி நியாயமா?”

புருஷன் சொன்னதும் இதேதான். வார்த்தைகூட மாறவில்லை. இந்த வீட்டில் பிள்ளைக்குப் பாலோடு சேர்த்து இதையும் ஊட்டியிருப்பார்கள் போல.

“நீங்க எங்க படுக்கியன்னு நான் கேக்கல அத்த. எனக்கும் ஒங்களுக்கும் சமமான்னும் கேக்கல. நிச்சயத்தன்னிக்கு இதே வராந்தால மாடி ரூம் எனக்குன்னு சொன்னியளே, அந்தச் சொல்லுக்குச் சமமா இருக்கா? அத மட்டும் சொல்லுங்க.”

லோகநாயகி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். பேப்பர் அசையவில்லை.

“என் கம்ப்யூட்டர் எங்க?”

சனோபர்தான் கண்டுபிடித்தாள். மாடிப்படிக்கு அடியில், ரூமுக்கு வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஈரத்துண்டுகள் சொட்டிக்கொண்டிருந்த கொடிக்குக் கீழே, ஒரு உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. சாக்கின்மேல் தண்ணீர் குளம் கட்டியிருந்தது.

ஜெயசித்ரா அதைத் தொடவில்லை. தொட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். இன்றைக்கு இந்த வீட்டில் அவள் அழுவதாக இல்லை. படியேறி மேலே போனாள். டிவியைத் தூக்கி வெளியே வைத்தாள். யாரோ படுத்து எண்ணெய்க் கறை படிந்த விரிப்பை உருவி மாடிப்படியில் வீசினாள். வெறும் மெத்தையில் உட்கார்ந்துகொண்டாள். சனோபர் கதவோரம் முக்காலியைப் போட்டு, வாங்கி வந்த நேந்திரம் சிப்ஸைப் பிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. கீழே லோகநாயகியின் குரல் ஓங்கி ஓங்கி அடித்தது. குற்றாலீஸ்வரன் நனைந்த சட்டையோடு மேலே வந்து வாசலில் நின்றான்.

“சித்ரா, கோவப்படாத. ஆடி முடியட்டும். அம்மைட்ட நான் பக்குவமாப் பேசுதேன்.”

அவள் தன் போனை நீட்டினாள். திரையில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இத அணைங்க. பொறவு பேசுவோம்.”

அவன் தன் போனை எடுத்தான். பழக்க தோஷம், தன்னுடையது குறைந்தால் அணைந்துவிடும் என்று நேராகத் தன் பெட்டிக்குப் போய்க் கல்லை எடுத்து வெளியே போட்டான். விளக்கு எரிந்தது. இன்னும் எடுத்தான். கடைசியில் பெட்டியைத் துடைத்துக் காலி செய்தான். விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

“என்ன செஞ்ச? ஏன் அணையல?”

“ஒங்க பெட்டியக் கழட்டிட்டேன். நீங்க எவ்வளவு எழந்தாலும் இனி அது கேக்காது. என் பெட்டி நெறஞ்சாத்தான் அணையும்.”

அவன் அவளைப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான், காலியாகக் கிடந்தது. அவன் முகம் சிவந்தது. வெட்கமோ என்னமோ, விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனான்.

கீழே சாக்கை இழுக்கிற சத்தம் கேட்டது. “ஏலே, அத எங்க தூக்கிட்டுப் போற?” என்றாள் லோகநாயகி. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. “அந்தப் புரோக்கராத்தான் இருக்கும்” என்றாள் சனோபர், காதைத் தீட்டிக்கொண்டு. லோகநாயகி எடுத்து, “சொல்லுங்க அண்ணாச்சி, சாமிமார் பார்ட்டியா…” என்று ஆரம்பித்தாள். பிறகு அவள் குரல் அறுந்தது. மகன் போனைக் கையிலிருந்து வாங்கியிருக்க வேண்டும்.

ஜெயசித்ரா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பக்குவம், பையப் பேசுதல், ஆடி முடியட்டும் எல்லாம் இப்போது வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தால் பையை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

“அண்ணாச்சி, மாடி ரூம் இனி கெடையாது” என்றது அவன் குரல். லேசாக நடுங்கியது, ஆனால் தெருவுக்கே கேட்டது. “இல்ல, கார்த்திகைக்கும் கெடையாது. ஆள் இருக்கு. என் பொண்டாட்டி இருக்கா.”

“ஏலே, அட்வான்ஸ் வாங்கியாச்சுலே!” என்று லோகநாயகி கத்தினாள்.

“திருப்பிக் குடுத்திருங்கம்மா.”

அப்போதுதான் சுடலையாண்டி பேப்பரை மடித்தார். “குடுத்திரு” என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

குற்றாலீஸ்வரன் கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து மேஜையில் வைத்தான். ஜெயசித்ரா மூடியைக் கழற்றி விசிறியைச் சுற்றிப் பார்த்தாள், ஒவ்வொரு ஒயராகத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் லேசாக ஈரம். உள்ளே பிழைத்திருந்தது. நன்றி ஒன்றும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவளுடையது அவளிடம் வந்திருக்கிறது.

“பங்களாவ இடிங்க” என்றாள்.

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவ்வளவு ஆசையாகக் கட்டியதை மொட்டை மாடியிலிருந்து இடித்துக்கொண்டு வந்தான். அருவி பார்த்த ஜன்னலும் போனது. கல் கல்லாக அவள் பெட்டியில் நிரப்பினான். சனோபர் அவனுக்கும் சிப்ஸை நீட்டினாள். கடைசிக் கல்லைப் போட்டதும் விளக்கு பட்டென்று அணைந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஒரு நிம்மதி. கட்டில் ஓரத்தைக் கையால் தொட்டபடி, “சரியாப் போச்சுல்லா சித்ரா?” என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. படியில் கிடந்த எண்ணெய்க் கறை விரிப்பை எடுத்துச் சுருட்டி அவன் கையில் திணித்தாள்.

“ஆடி மாசம்லா? கீழ போய் ஹால்ல படுங்க.”